டைம் ஆபீஸ் அறையில் இருபது நிமிடம்

விளக்குகள் அணைந்ததும் இந்திராணி என் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்திருப்பாள் என்றுதான் சொல்ல வேண்டும், அந்தக் கைக்குத் தொட்டால் தெரியாது, வளையல் சத்தம் அந்தப் பக்கமிருந்து வந்தது. பதினொரு மணிக் காட்சி. வெளியே வெயில் அப்படி அடிக்கும்போது உள்ளே இப்படி இருட்டாக இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை, ஆஸ்பத்திரியில் கண் விழித்த நாளும் இதே மாதிரிதான், ஜன்னலுக்கு வெளியே நல்ல பகல், எனக்குள்ளே ஒன்றுமில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெண் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்துவிட்டு "யாரு" என்று கேட்டேனாம். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவளிடம். அதை இந்திராணி பல நாள் கழித்துத்தான் சொன்னாள், சொல்லும்போதும் சிரித்தாள். இந்தப் படத்தில் அது வரும், அவள்தான் நிலவனிடம் சொன்னாள், எல்லாவற்றையும் அவள்தான் சொன்னாள். நிலவன்தான் இந்தப் படத்தின் இயக்குநர், இரண்டு வருஷம் மதுரையிலிருந்து பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு போனான், நல்லவன், என்னைத் தோழர் என்று கூப்பிடுவான், நான் ஒரு வார்த்தைக்காகத் தடவிக்கொண்டிருந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டுக் காத்திருப்பான். ஆனால் இந்திராணி காத்திருக்க மாட்டாள். என் வாக்கியத்தை வாங்கி அவளே முடித்துவிடுவாள். நான் சொல்ல வந்தது அதுதானா இல்லையா என்று யோசிப்பதற்குள் அவன் எழுதியிருப்பான்.

திரையில் மில் கேட் வந்தது, கூட்டம் கைதட்டியது, பின்னால் இருந்து யாரோ விசில் அடித்தார்கள். எங்கள் மில் இல்லை அது, எங்கள் மில்லில் படம் எடுக்க விடுவார்களா, எங்கேயோ ஒரு பூட்டிக்கிடந்த மில்லுக்குப் புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள், கேட் உயரம் அதிகம், இடது பக்கம் வேப்பமரம் இல்லை. வேப்பமரம் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டேன். எது எனக்கு ஞாபகம் இருக்கிறதோ அதை உடனே பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் போய்விடும். சங்கம் ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் பதினோரு பேர். இரண்டாயிரத்துப் பதினொன்றில் கவுன்சிலருக்கு நின்று தோற்றது ஞாபகம் இருக்கிறது, எண்ணி முடித்து அறிவித்தபோது என் தொண்டை வறண்டது கூட. வேலைநிறுத்தம் முதல் நாள், இரண்டாம் நாள், பொங்கிய சாதத்தை அண்டாவில் கொண்டுவந்தது, பதினைந்தாம் நாள் மழை. பதினேழாம் நாள் இல்லை. பதினாறாம் நாள் சாயங்காலம் நான் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சுடச்சுட டீ குடித்தேன், நாக்கு வெந்தது, அதற்கு அடுத்தது ஆஸ்பத்திரி ஜன்னல். இரண்டுக்கும் நடுவில் நாற்பத்தொரு நாள். அதில் நாற்பது நாளை யாரும் என்னிடம் கேட்பதில்லை. முதல் நாளைத்தான் கேட்கிறார்கள், அந்த முதல் நாளிலும் இருபது நிமிடத்தை.

திரையில் என் பெயர் தனுஷ்கோடி இல்லை, வேறு ஏதோ வைத்திருக்கிறார்கள், ஆனால் கூட்டம் அந்த நடிகன் வந்ததும் தனுஷ்கோடி வாழ்க என்று கத்தியது. நல்ல உயரம் அவன். சிவப்புச் சட்டை போட்டிருந்தான். நான் சிவப்புச் சட்டை போட்டதே இல்லை, மே தினத்துக்குக்கூட. அந்தப் பதினேழாம் நாள் காலையில் நான் வெள்ளைச் சட்டை கேட்டேன் என்று இந்திராணி ஒருமுறை சொல்லியிருக்கிறாள், வாய் தவறி. பீரோவில் பிரிக்காமல் இருந்த வெள்ளைச் சட்டை, மைத்துனன் தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்தது, அதை எடு என்று சொன்னேனாம், அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்தாளாம். போராட்டப் பந்தலில் தரையில் உட்காரப் போகிறவன் எதற்கு அன்றைக்கு மட்டும் புது வெள்ளைச் சட்டை கேட்டான். நான் அதைக் கேட்டதும் அவள் பேச்சை மாற்றிவிட்டாள், பிறகு எத்தனை தடவை கேட்டாலும், நான் அப்படிச் சொல்லவே இல்லையே, உங்களுக்குக் குழம்பியிருக்கும் என்பாள். எனக்குக் குழம்பும்தான். அதனால் அதற்கு மேல் கேட்க முடிவதில்லை. நிலவனிடம் அவள் வெள்ளைச் சட்டையைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவன் சிவப்புப் போட்டிருக்க மாட்டான். அல்லது சொன்ன பிறகும் சிவப்பே போட்டிருப்பானோ, கொடியின் நிறம், பார்ப்பதற்கு நன்றாக இருக்கும். இப்போது அந்தச் சிவப்புச் சட்டைக்காரன் டைம் ஆபீஸை நோக்கி நடந்தான். ஒரு போலீஸ்காரர் கதவைத் திறந்து விட்டார். போகாதே என்று சொல்ல வேண்டும் போல இருந்தது, போ, போய்ப் பார், பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல் என்றும் இருந்தது.

நடந்ததாக மற்றவர்கள் சொல்வதை நான் பாடமாக வைத்திருக்கிறேன். பதினேழாம் நாள், காலை பத்தரை மணி, சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்திய பெண்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி நானூறு பேர் கேட்டுக்கு வெளியே. என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். டைம் ஆபீஸ் என்பது வருகைப் பதிவு செய்கிற சின்ன அறை, நாலு நாற்காலி, அதில் மேனேஜர், இன்ஸ்பெக்டர், ஆளுங்கட்சி நகரச் செயலாளர், நான். இருபது நிமிடம். வெளியே வந்தேன், கேட்டுக்கு எதிரே இருந்த வாய்க்கால் பாலத்துக் கட்டைச் சுவர் மேல் ஏறினேன், மைக் வேலை செய்யவில்லை, ஏதோ சொன்னேன். முன்னால் நின்றவர்களுக்குக் கேட்டது "போவோம்" என்பதுதான். உள்ளே போவோம் என்று சொன்னேன் என்கிறார்கள் சிலர், வீட்டுக்குப் போவோம் என்று சொன்னேன் என்கிறார்கள் சிலர். கூட்டம் கேட்டை நோக்கி நகர்ந்தது. உள்ளே சுவருக்குப் பின்னால் தயாராக நின்றிருந்த போலீஸ் கேட்டைத் திறந்துகொண்டு அடித்தது. என் மண்டை உடைந்தது. ஸ்பின்னிங்கில் அறுந்த நூலை முடிகிற வேலை பார்த்த காளீஸ்வரி, பத்தொன்பது வயது, பாலத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் விழுந்தாள், கூட்டம் அவள் மேல் ஓடியது. விசாரணையில் அந்த மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள், கூட்டத்தைக் கலைக்கிறேன் என்று ஒத்துக்கொண்டு வெளியே போய்த் தூண்டிவிட்டான் என்று. சங்கத்தார் சொன்னார்கள், எங்கள் சங்கச் செயலாளர் எதற்கும் ஒத்துக்கொள்ளாமல் எழுந்து வந்தார் என்று. ஊருக்குள் மூன்றாவதாக ஒரு பேச்சு இருந்தது, அதை என் முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. அடுத்த தேர்தலில் கவுன்சிலர் சீட் தருகிறோம் என்றார்களாம், கூட்டத்தை உள்ளே இழுத்து வா, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம், நான் தலையாட்டினேனாம். என்னை அடித்தது மட்டும் அடையாளம் தெரியாமல் விழுந்த அடியாம். விசாரணை அதிகாரி என்னிடம் கேட்டபோது ஞாபகம் இல்லை என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டு கோப்பை மூடிவிட்டார்கள்.

ஞாபகம் இல்லை என்று ஒருவன் சொன்னால் மறைக்கிறான் என்றுதான் நினைப்பார்கள், நானே அப்படித்தான் நினைத்திருப்பேன். மறைக்கிறேனா என்று என்னையே நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன். குளிக்கும்போது, சாப்பிடும்போது, பிசியோதெரபிக்காக ரப்பர் பந்தை அமுக்கும்போது. அந்தக் கதவுக்கு முன்னால் போய் நிற்பேன், என் மனசுக்குள், கதவைத் திறந்தால் நாலு நாற்காலி இருக்கும், அது எனக்குப் பழகிய அறை, நூறு தரம் போயிருக்கிறேன், ஆனால் அன்றைக்கு யார் எதில் உட்கார்ந்தார்கள் என்பது இருக்காது. சீட் தருகிறோம் என்று சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று யோசிப்பேன். முடியாது என்று சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா. எனக்குக் கவுன்சிலர் ஆசை இருந்தது, அதை நான் மறக்கவில்லை, அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. கெட்டவனாக இருந்திருந்தாலும் பரவாயில்லை, அது தெரிந்தால் போதும் என்று சில நாள் இருக்கும். சில நாள் தெரியாமலேயே போகட்டும் என்று இருக்கும். போன வருஷம் மதுரையில் டாக்டரைப் பார்க்கப் போனபோது இந்திராணி மாத்திரை வாங்கக் கீழே இறங்கியிருந்தாள், நான் அவரிடம் எப்ப சார் வரும் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என் ஸ்கேன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, மறந்து போனது வேற, பதியாமப் போனது வேற ஐயா, அடி விழுந்ததுக்கு முன்னாடி நடந்தது உள்ள பதியறதுக்குள்ள எல்லாம் போயிருச்சு, அது எங்கேயும் ஒளிஞ்சு இல்ல, தேடாதீங்க என்றார். இந்திராணி மாத்திரையோடு வந்தாள். என்ன சொன்னாரு என்றாள். நல்லாருக்குன்னாரு என்றேன். டாக்டர் சொன்னதை மட்டும் நான் யாருக்கும் சொல்லவில்லை. அவள் இன்னமும் தினமும் சாயங்காலம் ஃபோனில் மில்லின் படங்களைக் காட்டி, இது என்ன, இது யாரு, இங்க நீங்க என்ன செஞ்சீங்க என்று கேட்கிறாள்.

திரையில் கதவு திறந்தது. உள்ளே நீலச் சுவர். எங்கள் டைம் ஆபீஸ் சுவர் என்ன நிறம். வெள்ளைதான், இல்லை, மஞ்சள் மாதிரி ஒரு, ஒரு, அந்தப் பழைய மஞ்சள். மேனேஜராக நடித்தவர் கண்ணாடியைத் துடைத்தார். நகரச் செயலாளராக நடித்தவர் தோள்துண்டைச் சரிசெய்துகொண்டு, கவுன்சிலர் என்ன, சேர்மனாவே ஆக்குறோம் என்றார். சிவப்புச் சட்டைக்காரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். மேஜை மேல் இருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தான், குடிக்கவில்லை, கவிழ்த்தான். மேஜை முழுக்கத் தண்ணீர் ஓடியது. எழுந்து வெளியே வந்துவிட்டான். தியேட்டர் அதிர்ந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த எதிர்க்கட்சி மாவட்டச் செயலாளர் எழுந்து நின்று கை தட்டினார், அடுத்த மாதம் தேர்தல், இந்தக் காட்சிக்கு டிக்கெட் எல்லாம் அவர் வாங்கி ஊருக்குக் கொடுத்தது. இந்திராணி குனிந்து என் காதில், பாத்தீங்களா, இப்படித்தான் செஞ்சிருப்பீங்க நீங்க என்றாள். செஞ்சிருப்பீங்க. நான் யோசித்தேன், டம்ளரைக் கவிழ்க்கிற ஆளா நான். என் அப்பா சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்ப்பார், அதனாலேயே நான் எதையும் கவிழ்த்ததில்லை, கோபம் வந்தால் மெதுவாகத்தான் பேசுவேன். ஆனால் அந்தத் தண்ணீர் ஓடியது அழகாக இருந்தது. மேஜை விளிம்பில் வந்து நின்று, பிறகு சொட்டியது.

இடைவேளையில் விளக்கு வந்ததும் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நிலவன் வந்து காலருகே உட்கார்ந்தான். எப்படி இருக்கு தோழர் என்று கேட்டான், அவன் கண் கலங்கியிருந்தது. சுவர் நீலம் இல்லை என்று சொல்ல நினைத்தேன். சுவர் என்று சொல்ல வந்து, அந்த வார்த்தை வராமல், கையால் காட்டினேன், செங்குத்தாக, இப்படி. அவன் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டி, ஆமா தோழர், நிமிர்ந்து நின்னீங்க என்றான். இந்திராணியும் ஆமா என்றாள். மூன்றாவது வரிசை ஓரத்தில் காளீஸ்வரியின் அம்மா சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள், அப்போதுதான் பார்த்தேன். முறுக்கு வாங்கிக் கையில் வைத்திருந்தாள், தின்னவில்லை. மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டுக்கு அவள் ஒரே ஒரு தரம்தான் வந்திருக்கிறாள், நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, ஆபரேஷனில் எடுத்த எலும்பை என் மண்டையோட்டில் இன்னும் திரும்ப வைத்து மூடாத நாட்கள். வாசல்படியைத் தாண்டி வரவில்லை. அண்ணே, அந்த ரூமுக்குள்ள என்ன பேசுனீங்க என்று கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை, கடைக்காரரிடம் சாமான் இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி கேட்டாள். எனக்கு அப்போது பேச்சே வராது. அவள் நின்றாள், எவ்வளவு நேரம் என்று தெரியாது. அப்புறம் சரி என்று போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் மாறிவிடுவாள். அவள் ஒருத்திதான் என்னைச் சரியாக நடத்துகிறாள் என்று எனக்குத் தோன்றும். மற்றவர்கள் எல்லாம் தீர்மானித்துவிட்டார்கள், அவள் மட்டும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறாள், அவளும் நானும்.

மறுபடி இருட்டு. ஆஸ்பத்திரி, மனைவி, யாரு என்று அவன் கேட்டான், பெண்கள் அழுதார்கள். அவன் நடக்கக் கற்றுக்கொண்டான், கரண்டியைக் காட்டி இது என்ன என்றால் சொல்லக் கற்றுக்கொண்டான், மூன்று நிமிடப் பாட்டுக்குள் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டான். எனக்குக் கரண்டிக்கு நாலு மாதம் ஆனது. பிறகு நீதிமன்றம். எங்கள் விஷயம் நீதிமன்றத்துக்கே போகவில்லை. அவன் கூண்டில் நிற்கிறான், வக்கீல் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார், அவன் தலையைப் பிடித்துக்கொள்கிறான், வரவில்லை, வரவில்லை, கூட்டத்தில் இறந்த பெண்ணின் அம்மாவாக நடித்தவள் எழுந்து நிற்கிறாள், அவள் முகத்தைப் பார்க்கிறான். வந்துவிட்டது. நீலச் சுவர், கண்ணாடி, தோள்துண்டு, தண்ணீர். ஒவ்வொன்றாக அவன் சொல்லச் சொல்லத் திரையில் வருகிறது. தியேட்டரில் ஒரு சத்தமும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. ஏனென்றால் நானும் அவனோடு சேர்ந்து அடுத்தது என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தேன், அடுத்து டம்ளர், அடுத்து தண்ணீர், அடுத்து எழுந்திருப்பது. கண்ணை மூடினேன். என் கதவைத் தேடினேன், மனசுக்குள் நான் தினமும் போய் நிற்கிற கதவு. திறந்தேன். நீலச் சுவர். இல்லை என்று மூடிவிட்டு மறுபடி திறந்தேன். நீலச் சுவர், மேஜை விளிம்பில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பழைய மஞ்சளை நினைத்துப் பார்த்தேன், வேப்பமரத்திலிருந்து ஆரம்பித்து, கேட், சைக்கிள் ஸ்டாண்ட், மூன்று படி, கதவு, நீலம். இதுவரை அங்கே ஒன்றுமில்லாமல் இருந்தது. ஒன்றுமில்லாத இடம் என்றாலும் அது என்னுடையதாக இருந்தது, அதைப் பார்த்து இங்கே எனக்குத் தெரியாது என்று சொல்ல முடிந்தது. இப்போது அங்கே யாரோ குடிவந்துவிட்டார்கள். நாளைக்கு யாராவது கேட்டால், எனக்குத் தெரியும், நான் டம்ளரைக் கவிழ்த்தேன் என்று என் வாய் சொல்லிவிடும், பொய் சொல்கிறோம் என்பதுகூட எனக்குத் தெரியாது. டாக்டர் தேடாதீங்க என்றார். இனிமேல் தேடினால் கிடைத்துவிடும், அதுதான் பயம்.

படம் முடிந்து விளக்கு வந்தபோது எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். மாவட்டச் செயலாளர் மைக்கில், மறைக்கப்பட்ட உண்மை இன்று வெளிவந்துவிட்டது என்று பேசினார், எனக்குச் சால்வை போட்டார், ஃபோட்டோ எடுத்தார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். ஒவ்வொருவராக வந்து கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள், மில்லில் என்னோடு வேலை பார்த்தவர்கள், தெருவில் என் முதுகுக்குப் பின்னால் பேசியவர்களும் இருந்தார்கள், அவர்கள்தான் அதிக நேரம் கையைப் பிடித்திருந்தார்கள். கூட்டம் குறைந்த பிறகு சந்தனமாரி வந்தாள். எனக்கு முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததில்லை.

"மன்னிச்சிருங்கண்ணே" என்றாள். "மூணு வருஷமா உங்களைத் தப்பா நினைச்சுட்டேன். வித்துட்டீங்கன்னே நினைச்சேன்."

இந்திராணி எழுந்து அவள் தோளைத் தொட்டு, விடுங்க மதினி, பெத்த வயிறு அப்படித்தான் நினைக்கும் என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். தலையாட்டினால் முடிந்துவிடும். இனிமேல் என்னைக் கண்டால் அவள் தெருவைக் கடந்து போக மாட்டாள். ஆனால் இவள் ஒருத்திதான் என்னிடம் கேட்டவள், கேட்டவளுக்குச் சொல்ல வேண்டும், நான் வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன், ஒன்று விழுந்தால் மறுபடி எடுத்தேன்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. படத்துல வந்தது... அது நிலவன் எழுதுனது. நான் என்ன சொன்னேன்னு எனக்குத் தெரியாது. ஒத்துக்கிட்டுக்கூட இருந்திருக்கலாம். இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

இவ்வளவையும் நானே முடித்தேன், யாரும் என் பேச்சை வாங்கவில்லை. சந்தனமாரி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழைய கேள்வி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குனிந்து, காது கேட்காதவனிடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னாள்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லாட்டி என்னண்ணே. அதான் படத்துல வந்துருச்சே."

அவள் போனாள். நடையில் ஒரு லேசு இருந்தது, வாசலில் நின்ற சொந்தக்காரப் பெண்களிடம் கையை ஆட்டி ஏதோ சொன்னாள், டம்ளரைக் கவிழ்க்கிற மாதிரி கையைக் காட்டினாள். அவளை இனி நான் எப்படித் திருப்பிக் கூப்பிடுவது. கூப்பிட்டு என்ன கொடுப்பது, ஒன்றுமில்லாததையா. இந்திராணி பக்கத்தில் உட்கார்ந்தாள். சால்வையை என் தோளிலிருந்து எடுத்து மடித்தாள், ஒரு மடிப்பு கோணலாகப் போக, பிரித்துவிட்டு மறுபடி மடித்தாள்.

"வராதுன்னு எப்பச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

"போன வருஷம்."

திட்டுவாள் என்று நினைத்தேன், அல்லது அழுவாள் என்று. மடித்த சால்வையை மடியில் வைத்துக்கொண்டு வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி" என்றாள். "இனிமே இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மேட்னிக்கு வந்தவர்கள் சீட் நம்பரைத் தேடிக்கொண்டு உள்ளே வரத் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் எழுந்தோம்.